அப்பா உடம்புல தங்கிட்ட ஆஸ்பத்திரி கிருமி: கேரியர் இருக்கற வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

போன வருஷம் மார்ச்ல அப்பாவுக்கு ஸ்ட்ரோக். கிருஷ்ணகிரி பக்கம் எங்க ஊர்ல இருந்து ஆம்புலன்ஸ்ல நேரா பெங்களூருக்கு கூட்டிட்டு வந்துட்டோம், 23 நாள் ஐசியூ, அப்புறம் வார்டு, நான் கே.ஆர். புரத்துல இருக்கறதால டிஸ்சார்ஜ் ஆனதும் என் வீட்டுக்கே வந்துட்டாரு. யூரின் தானா போகாததால டியூப் போட்டே அனுப்பினாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியோட கடைசி பக்கத்துல, ஃபிசியோதெரபிக்கும் டயட்டுக்கும் நடுவுல, "சிஆர்இ கேரியர்"னு ஒரே ஒரு வரி இருந்துச்சு. யாரும் விளக்கல, நானும் கேக்கல. அடுத்த 14 மாசத்துல 4 தடவை அட்மிட் பண்ணோம், மூணாவது தடவைதான் அந்த வரிக்கு அர்த்தமே புரிஞ்சுது.

அந்த 14 மாசத்துல கத்துக்கிட்டதை இங்க வரிசையா எழுதறேன். நான் டாக்டர் இல்ல, எந்த மருந்து போடணும்னு இதுல சொல்ல மாட்டேன். டாக்டர் சரியா முடிவெடுக்கறதுக்கு வீட்டுக்காரங்க கையில என்ன இருக்கணும், எந்த நேரத்துல என்ன கேக்கணும், எங்க காசு வீணாகும், இதுதான் விஷயம்.

1. முதல்ல "கேரியர்"னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

சிஆர்இன்னா கார்பபெனம் குரூப் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத குடல் பாக்டீரியா. மெரோபெனம், இமிபெனம் எல்லாம் அந்த குரூப், பெரிய இன்ஃபெக்‌ஷனுக்கு ஆஸ்பத்திரில தூக்கற பெரிய ஆயுதம். அப்பா கிட்ட இருக்கறது க்ளெப்சியெல்லா நிமோனியே. பேர்ல நிமோனியா இருக்கேன்னு நுரையீரல்ல மட்டும் தேடாதீங்க, அது முக்கியமா குடியிருக்கறது குடல்ல, அங்க இருந்துதான் யூரின் டியூப்புக்கும் ரத்தத்துக்கும் போகுது.

கேரியர்னா கிருமி உடம்புல இருக்கு, ஆனா இப்போ நோய் இல்ல. மாசக்கணக்குல இருக்கலாம், சிலருக்கு ஒரு வருஷத்தை தாண்டியும் இருக்கும். குடல்ல இருந்து அதை ஒழிச்சுக் கட்டறதுக்குன்னு எல்லாருக்கும் ரொட்டீனா குடுக்கற மருந்து கிடையாது. "இதுக்கு ஒரு கோர்ஸ் போட்டா கிளீன் ஆயிடும்"னு யாராவது சொன்னா நம்பி காசு கட்டிடாதீங்க.

2. ரிப்போர்ட்ல அதே பேருதான், ஆனா அது அதே கிருமி இல்ல

எல்லாரும் தவற விடறது இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க கிட்ட ரெண்டு யூரின் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட் இருந்துச்சு, நடுவுல அஞ்சு மாச இடைவெளி. ரெண்டுலயும் க்ளெப்சியெல்லாதான். முதல் ரிப்போர்ட்ல கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக்கோட நம்பர் குறைவா இருந்துச்சு (குறைவுன்னா கொஞ்ச மருந்துக்கே கிருமி அடங்கும், விவரம் 5ல), அமிகாசின்ங்கற இன்னொன்னு வேலை செய்யும்னும் இருந்துச்சு. அட்மிட் ஆன அன்னிக்கு ராத்திரி டியூட்டி டாக்டர் பழைய ரிப்போர்ட் கேட்டாரு, நான் பதட்டத்துல முதல் ரிப்போர்ட்டை குடுத்துட்டேன், அதை வெச்சு மருந்து ஆரம்பிச்சாங்க, மூணு நாள் ஜுரம் இறங்கவே இல்ல. புது கல்ச்சர் வந்ததும் பாத்தா ரெண்டு மருந்துக்குமே ரெசிஸ்டன்ட், அதாவது கிருமி அடங்காது. ரெண்டாவது ரிப்போர்ட்லயே அது இருந்திருக்கு. அது என் ஃபோன் கேலரில எங்கயோ கிடந்துச்சு.

அந்த ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி மேடம் சேலத்துக்காரங்க, எனக்காக பத்து நிமிஷம் ஒதுக்கி தமிழ்ல விளக்கினாங்க. அப்பா குடல்ல கோடிக்கணக்குல க்ளெப்சியெல்லா இருக்கு, அது பெருகப் பெருக காப்பி எடுக்கறதுல எழுத்துப் பிழை விழுந்துட்டே இருக்கும். அதோட ஜீனோம் 50 லட்சம் எழுத்துக்கு மேல. ஒரு வருஷத்துல ஒரு வம்சத்துல மாறி நிலைக்கறது என்னவோ சில எழுத்துதான், ஆனா எந்த இடத்துல மாறுதுங்கறதுதான் முக்கியம். எம்ஜிஆர்பின்னு ஒரு குட்டி ஜீன், மொத்தமே 144 எழுத்து. அது உடைஞ்சாலே போதும், கிருமியோட வெளிச்சுவர் மாறி கொலிஸ்டின் ஒட்டாம போயிடும். இன்னொரு வழி, மருந்து உள்ள நுழையற வாசலை மூடிக்கறது. கிருமி சுவர்ல போரின்னு சின்னச் சின்ன ஓட்டைங்க இருக்கு, அதுல ரெண்டு முக்கியமான ஓட்டை அடைபட்டா மெரோபெனம் உள்ள போறதே குறைஞ்சிடும். மூணாவது வழி கடன் வாங்கறது. பக்கத்துல இருக்கற ஈ.கோலைங்கற இன்னொரு குடல் பாக்டீரியா கிட்ட இருந்து பிளாஸ்மிட்ங்கற தனி டிஎன்ஏ வளையத்தை அப்படியே வாங்கிக்கும், அதுல என்டிஎம், ஆக்ஸா-48 மாதிரி மருந்தையே உடைக்கற ஜீன் இருக்கும். இதெல்லாம் போக, அடுத்த அட்மிஷன்ல வேற க்ளெப்சியெல்லா வந்து சேர்ந்துக்கறதும் உண்டு, பேரு ஒன்னு, வம்சம் வேற.

இதை அப்பாகிட்ட சொன்னேன். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பேச்சு இன்னும் குழறும், ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவாரு. "களைக்கொல்லி அடிச்சா... கோரை மட்டும் நிக்குமே பாப்பா... அதுமாதிரியா?"ன்னாரு. அதேதான். மத்த களை செத்துடும், கோரைக்கு இடம் தாராளமா கிடைக்கும், அதோட கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கறதால மேல எவ்ளோ புடுங்கினாலும் திரும்ப முளைக்கும். அப்பா விஷயத்துல குடலும் யூரின் டியூப்ல படிஞ்ச பிசுபிசு படலமும்தான் அந்த கிழங்கு. ஆன்டிபயாடிக் கிருமியை மாத்தறதில்ல, ஏற்கனவே மாறி ஒரு மூலைல கிடந்ததை முன்னாடி கொண்டு வந்து நிறுத்துது.

அந்த மேடம் இன்னொன்னும் காட்டினாங்க. அப்பாவோட சாம்பிள் வளர்த்த தட்டு, ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வெச்சிருந்தாங்க. ஒரே தட்டுல ரெண்டு விதமான புள்ளி. ஒன்னு சளி மாதிரி பளபளன்னு உருண்டு நிக்குது, கம்பி வளையத்தை வெச்சு தூக்கினா நூலா இழுபடுமாம். இன்னொன்னு சின்னதா, தட்டையா, காஞ்சாப்ல. ரெண்டுமே க்ளெப்சியெல்லா. பளபளன்னு இருக்கறது மேல கேப்சூல் போர்வை போத்தியிருக்கு, ரத்தத்துல வெள்ளை அணுக்கள் கிட்ட இருந்து தப்பிக்க அது உதவும். தட்டையா இருக்கறது போர்வையை கழட்டிப் போட்டுடுச்சு, அதனால டியூப்லயும் மூத்திரப்பை சுவர்லயும் நல்லா ஒட்டிக்கும். ஒரே ஆள் உடம்புல ஒன்னு ரத்தத்துக்கு தோதா, ஒன்னு டியூப்புக்கு தோதா.

இதுல நாம எடுத்துக்க வேண்டியது, ஒரு ரிப்போர்ட்ங்கறது அன்னிக்கு, அந்த சாம்பிள்ல, லேப் எடுத்த புள்ளியோட ஜாதகம். ஆறு மாசம் கழிச்சு அதே ஜாதகத்தை வெச்சு முடிவெடுக்கக் கூடாது. பழசை தூக்கியும் போடக் கூடாது, ஏன்னா எந்தத் திசைல மாறிட்டு வருதுன்னு பழசு இருந்தாத்தான் தெரியும்.

3. ஃபைல் போடுங்க, இன்னிக்கே

ஸ்டேஷனரி கடைல 20 பாக்கெட் இருக்கற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்னு வாங்குங்க, 100, 150 ரூபாய்தான் ஆகும். உள்ள இருக்க வேண்டியது:

எல்லா கல்ச்சர் ரிப்போர்ட்டும், புதுசு மேல இருக்கற மாதிரி. எல்லா பக்கமும் வேணும். கார்பபெனமேஸ் (கார்பபெனம் மருந்தை உடைக்கற என்சைம்) இருக்கு, இன்ன ஜீன் கிடைச்சுதுங்கற குறிப்பு எங்களுக்கு எப்பவும் ரெண்டாவது பக்கம் அடிலதான் இருந்துச்சு, வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்பறவங்க முதல் பக்கத்தை மட்டும் அனுப்பிடறாங்க.

எல்லா டிஸ்சார்ஜ் சம்மரி. எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள்னு அதுல இல்லேன்னா டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேட்டு எழுதி வாங்குங்க.

முதல் பாக்கெட்ல நீங்களே கையால எழுதின ஒரு தாள். கட்டம் கட்டமா போட்டு: தேதி, எந்த சாம்பிள், டியூப் புதுசா பழசா, கிருமி பேரு, மெரோபெனம், அமிகாசின், கொலிஸ்டின் நம்பர், அப்போ குடுத்த மருந்து, எத்தனை நாள், அன்னிக்கு கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட்). கிரியாட்டினின் எதுக்குன்னா அமிகாசினும் கொலிஸ்டினும் கிட்னியை பாதிக்கக் கூடியது, மத்த மருந்துலயும் நிறைய கிட்னி பாத்துத்தான் அளவு போடுவாங்க. எமர்ஜென்சில நிக்கற டாக்டர் 40 பக்கம் புரட்ட மாட்டாரு, இந்த ஒரு தாளை 30 செகண்ட்ல படிச்சிடுவாரு. எங்க நாலாவது அட்மிஷன்ல அதைப் பாத்துட்டு, பழைய மருந்துக்கே திரும்பப் போகாம, முதல் டோஸ்லயே வேற முடிவு எடுத்தாங்க.

பழைய ஆஸ்பத்திரில இருந்து பேப்பர் வரலையா? 2002ல வந்த மருத்துவ கவுன்சில் நடத்தை விதிப்படி, உள்நோயாளியோட ரெக்கார்டை 3 வருஷம் வெச்சிருக்கணும், நோயாளியோ அவர் அனுமதி குடுத்தவரோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். வாயால கேட்டா "நாளைக்கு வாங்க"தான். எழுத்துல குடுத்து, காப்பில தேதியோட சீல் வாங்கிக்கோங்க. எங்களுக்கு வாயால கேட்டப்போ மூணு வாரம் இழுத்துச்சு, எழுதிக் குடுத்ததும் ரெண்டு நாள்ல வந்துடுச்சு. நோயாளியோட ஆதார் காப்பி, உங்க ஆதார் காப்பி, அவர் கையெழுத்தோ கைரேகையோ வெச்ச ஒரு அனுமதிக் கடிதம், மூணும் கையோட எடுத்துட்டு போங்க.

4. சாம்பிள் தப்பா எடுத்தா எல்லாமே தப்பு

யூரின் பையில இருந்து சாம்பிள் எடுக்க விடாதீங்க. பைல மணிக்கணக்கா தேங்கினதுல எது வேணா வளரும். சாம்பிள் எடுக்க வீட்டுக்கு வந்த லேப் பையன் ஒரு தடவை பையோட அடிக்குழாயை திறந்து பாட்டில்ல புடிச்சுட்டு போயிட்டான், மூணு கிருமி வளர்ந்துச்சு, அந்த ரிப்போர்ட்டை வெச்சு ஒன்னுமே பண்ண முடியல, 900 ரூபாய் போச்சு, ரெண்டு நாளும் போச்சு.

டியூப் போட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஆயிருந்தா, பழசை எடுத்துட்டு புதுசு போட்டு, அந்த புது டியூப்ல வர்ற யூரினை எடுக்கணும். பழைய டியூப்ல எடுத்தா படலத்துல இருக்கற கிருமி தெரியும், மூத்திரப்பைல நிஜமா என்ன இருக்குன்னு தெரியாது. நர்ஸ் கிட்ட இதை கேக்க தயங்காதீங்க. எங்க வார்டுல இருந்த மலையாளி நர்ஸ் சேச்சி, "இது கேட்கணும், கேட்டா நாங்கள் செய்யும்"னு தெளிவாவே சொன்னாங்க.

எடுத்த சாம்பிள் 2 மணி நேரத்துக்குள்ள லேப்ல இருக்கணும், இல்லேன்னா ஃபிரிட்ஜ் குளிர்ச்சில வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள. சாயங்காலம் 5 மணிக்கு எடுத்து சில்க் போர்டு ஜங்‌ஷன் வழியா அனுப்பினா அந்த ரெண்டு மணி நேரம் ரோட்லயே போயிடும். காலைல 7 மணிக்கு எடுங்க, ஐஸ் பேக் வெச்சு அனுப்புங்க.

ஜுரம் இருந்தா பிளட் கல்ச்சரும் வேணும். ரெண்டு வேற வேற இடத்துல குத்தி ரெண்டு செட், ஆன்டிபயாடிக் ஏத்தறதுக்கு முன்னாடி. ஆள் ரொம்ப மோசமா இருந்தா கல்ச்சருக்காக மருந்தை தள்ளிப் போடக் கூடாது, அது டாக்டர் முடிவு. ஆனா பெரும்பாலும் ரெண்டையும் பத்து நிமிஷத்துல அடுத்தடுத்து செய்யலாம், "முதல்ல கல்ச்சர் எடுத்துட்டீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

இது ரொம்ப பேருக்கு தெரியாது: கிருமி வளர்ந்துச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே லேப்புக்கு ஃபோன் பண்ணி "ஐசோலேட்டை (வளர்ந்த அந்த கிருமியை) எடுத்து வைங்க"ன்னு சொல்லுங்க. கொஞ்ச நாள்ல தட்டை அழிச்சிடுவாங்க. பின்னாடி டாக்டர் ஜீன் டெஸ்ட்டோ ரெண்டு மருந்து சேர்த்துப் பாக்கற டெஸ்ட்டோ கேட்டா, திரும்ப சாம்பிள் எடுத்து வளர்க்க ரெண்டு மூணு நாள் ஆகும். சீரியஸா இருக்கறப்போ அந்த ரெண்டு நாள் பெரிய விஷயம்.

5. ரிப்போர்ட் எப்போ வரும், எப்படி படிக்கணும்

24 மணி நேரத்துல ஏதாவது வளருதான்னு தெரியும். எந்த மருந்து கேக்கும்னு முழு ரிப்போர்ட் வர 48ல இருந்து 72 மணி நேரம். பிளட் கல்ச்சரை ஒன்னும் வளரலைன்னு முடிக்க 5 நாள் வரை பாப்பாங்க. நடுவுல "பிரிலிமினரி"ன்னு ஒன்னு வரும், அதை ஃபைனல்னு நினைச்சுடாதீங்க.

எங்களுக்கு ரெண்டாவது அட்மிஷன்ல நடந்தது இது. கல்ச்சர் குடுத்த ரெண்டாவது நாள் ஜுரம் இல்லேன்னு டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க, கையில மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. நாலாவது நாள் ஃபைனல் ரிப்போர்ட்ல அந்த மாத்திரைக்கே ரெசிஸ்டன்ட்னு வந்திருக்கு. யாரும் கூப்பிடல. நான் போய் வாங்கல. பத்தாவது நாள் அப்பா குளிர்ல நடுங்கிட்டு மறுபடி எமர்ஜென்சில. டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லிங் கவுண்டர்லயே கேளுங்க, எந்த ரிப்போர்ட் எல்லாம் பாக்கி, எந்த தேதி வரும், யாரு கிட்ட காட்டணும். மூணையும் சம்மரிலயே எழுத வைங்க, ஃபோன்ல அலாரம் வைங்க.

ரிப்போர்ட்ல எஸ் (மருந்து கேக்கும்), ஐ (நடுவாந்திரம்), ஆர் (ரெசிஸ்டன்ட், கேக்காது)னு எழுத்து இருக்கும், பக்கத்துல எம்ஐசின்னு ஒரு நம்பர். அந்த கிருமி வளராம நிறுத்த எவ்ளோ மருந்து வேணும்ங்கறதுதான் எம்ஐசி. நம்ம ஊர்ல நிறைய லேப் பின்பற்றற சிஎல்எஸ்ஐங்கற அமெரிக்க லேப் தர அமைப்போட கணக்குப்படி மெரோபெனத்துக்கு 1 வரைக்கும் எஸ், 2 ஐ, 4ம் அதுக்கு மேலயும் ஆர். ஒரு மருந்தோட நம்பரை இன்னொரு மருந்தோட நம்பர் கூட ஒப்பிடாதீங்க, ஒவ்வொன்னுக்கும் எல்லை வேற. ஆனா அதே மருந்தோட நம்பர் மாசத்துக்கு மாசம் எப்படி போகுதுன்னு பாருங்க. எழுத்து மட்டும் பாத்தா ரெண்டு ரிப்போர்ட்லயும் எஸ்னே இருக்கலாம், நம்பர் பாத்தா உள்ளுக்குள்ள ஏறிட்டு வர்றது முன்னாடியே தெரியும்.

கொலிஸ்டினுக்கு எஸ்னே வராது, அந்த கணக்குல 2020ல இருந்து ஐ, ஆர் ரெண்டுதான். ஐ பாத்து பயந்துடாதீங்க. மெஷின்ல போடற கொலிஸ்டின் ரிசல்ட்டை முழுசா நம்ப முடியாது, பிராத் மைக்ரோடைல்யூஷன்ங்கற முறைல பண்ணாங்களான்னு கேளுங்க.

திடீர்னு ஒரு ரிப்போர்ட்ல கிட்டத்தட்ட எல்லாம் எஸ் வந்தா? சந்தோஷப்படலாம், ஆனா கிருமி திருந்திடுச்சுன்னு அர்த்தம் இல்ல. மருந்து நிறுத்தினதுக்கு அப்புறம் சில கிருமி அந்த பிளாஸ்மிட்டை கழட்டி விட்டுடும், அதை சுமக்கறதும் அதுக்கு பாரம்தானே. இல்லேன்னா லேப் எடுத்த புள்ளி வேற கூட்டத்தோடதா இருக்கலாம். பழசு குடல்ல ஒரு மூலைல இருந்துட்டே இருக்கும். அந்த ரிப்போர்ட்டையும் ஃபைல்ல போடுங்க, பழசை எடுத்துடாதீங்க.

6. யூரின் கலங்கலா இருக்குன்னு ஆன்டிபயாடிக் போடாதீங்க

டியூப் போட்டவங்கள்ல ஒவ்வொரு நாளும் 3ல இருந்து 7 சதவீதம் பேருக்கு புதுசா யூரின்ல கிருமி சேரும், ஒரு மாசம் ஆச்சுன்னா கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும். அப்போ கல்ச்சர் பண்ணா பாசிட்டிவ் வரத்தான் செய்யும். ஜுரம் இல்ல, நடுக்கம் இல்ல, அடிவயிறோ இடுப்போ வலி இல்ல, புதுசா குழப்பம் இல்லேன்னா அது பெரும்பாலும் வைத்தியம் தேவைப்படாத குடியிருப்பு. கலங்கலும் வாடையும் மட்டும் இன்ஃபெக்‌ஷன்னு அர்த்தம் இல்ல.

முதல் ஆறு மாசம் நான் பண்ண பெரிய தப்பு இதுதான். வாடை அடிச்சா லேப்புக்கு ஃபோன், பாசிட்டிவ் வந்தா பக்கத்து கிளினிக், அஞ்சு நாள் மாத்திரை. மூணு தடவை அப்படி போட்டேன், அப்பாவுக்கு ஒரு தடவை கூட ஜுரம் இல்ல. மூணு தடவையும் நான் காசு குடுத்து கோரைக்கு இடம் பண்ணிக் குடுத்திருக்கேன். அதை நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறல.

பழைய சீட்டை காட்டி மெடிக்கல் ஷாப்ல நீங்களே வாங்கிடாதீங்க. மூணாம், நாலாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பபெனம் எல்லாம் 2014ல இருந்து ஷெட்யூல் எச்1ல இருக்கு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது, கடைக்காரர் ரிஜிஸ்டர்லயும் எழுதணும். கொடுக்கற கடை இருக்குங்கறதால வாங்கலாம்னு ஆயிடாது.

ஆனா ஜுரத்தோட நடுக்கம், பேச்சு தடுமாறறது, மூச்சு வேகம், யூரின் குறையறது, பிபி இறங்கறது, இதுல எது இருந்தாலும் யோசிக்காம எமர்ஜென்சிக்கு போங்க. அங்க காலைக்கு காத்திருக்கற பேச்சே இல்ல.

ஒவ்வொரு விசிட்லயும் டாக்டர் கிட்ட "இந்த டியூப் இன்னும் வேணுமா?"ன்னு கேளுங்க. எடுத்துட்டு, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை சின்ன டியூப் விட்டு எடுக்கற முறைக்கு மாற முடியுமான்னும் கேளுங்க. எல்லாருக்கும் ஒத்து வராது, ஆனா கேக்காம இருந்தா வருஷக்கணக்குல அப்படியே இருக்கும்.

7. அட்மிட் ஆகும்போது முதல் நிமிஷத்துலயே சொல்லுங்க

"இவர் சிஆர்இ கேரியர், கடைசி கல்ச்சர் இந்த தேதி, இதோ பேப்பர்." சொன்னா ரூம் தர மாட்டாங்களோன்னு எங்க அண்ணன் பயந்து மறைக்கச் சொன்னான். மறைச்சா ரெண்டு நஷ்டம். முதல் மருந்து தப்பா போகும், பக்கத்து பெட்ல இருக்கறவருக்கு பரவும். அவரும் யாரோ ஒருத்தரோட அப்பாதான். சொன்னா தனி ரூம் போடுவாங்க, உள்ள வர்றவங்க கவுனும் கிளவுஸும் போடுவாங்க. ஸ்டெத், பிபி கஃப் அவருக்குன்னு தனியா வெச்சிருக்காங்களான்னு பாருங்க.

மருந்தை உடைக்கற என்சைம் எதுன்னு ஜீன் ரிப்போர்ட் இருந்தா அதை மேல வைங்க. காரணம் இருக்கு: செஃப்டாசிடிம்-அவிபாக்டம்னு ஒரு விலை கூடின மருந்து, ஆக்ஸா-48க்கு கேக்கும், என்டிஎம்முக்கு தனியா கேக்காது, அதுக்கு கூட அஸ்ட்ரியோனம் சேர்த்து குடுப்பாங்க. எது இருக்குன்னு தெரியாம ஆரம்பிச்சா பணமும் போகும், நாளும் போகும். ரெண்டும் சேர்ந்தே இருக்கறதும் நம்ம ஊர்ல உண்டு.

8. செலவும் இன்சூரன்ஸும்

நாங்க கட்டினது, உங்களுக்கு கூடக் குறைய இருக்கும்: யூரின் கல்ச்சர் 700ல இருந்து 1,200, பிளட் கல்ச்சர் ஒரு செட்டுக்கு 1,500க்கு மேல, ஜீன் டெஸ்ட் ஆறாயிரம் கிட்ட. அந்த விலை கூடின மருந்து நார்மல் கிட்னி இருந்தா ஒரு நாளைக்கு மூணு வயல், அது ஏத்தின ஒவ்வொரு நாளும் மருந்து செலவு மட்டுமே பத்தாயிரத்தை தாண்டுச்சு. ஆஸ்பத்திரி ஃபார்மசி எம்ஆர்பிலதான் போடும். அதே மருந்து வேற கம்பெனி பேர்ல குறைஞ்ச விலைக்கு கிடைக்குதான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, எங்களுக்கு ஒரு வயலுக்கு ஆயிரத்துக்கு மேல மிச்சமாச்சு.

பாலிசில ரூம் வாடகை லிமிட் இருந்தா உஷார். தனி ரூம்னாலே லிமிட்டை தாண்டும், தாண்டினா டாக்டர் ஃபீஸ், நர்சிங் மாதிரி மத்த பில்லையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க. மருந்து, கன்ஸ்யூமபிள், டெஸ்ட் செலவுக்கு அந்த வெட்டு போடக் கூடாதுன்னு 2020ல ஐஆர்டிஏஐங்கற இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கு, ஐசியூ சார்ஜுக்கும் கூடாது. செட்டில்மென்ட் ஷீட்டை வரி வரியா பாருங்க. "தொற்று தடுப்புக்காக தனி ரூம் மருத்துவ ரீதியா அவசியம்"னு டாக்டர் கிட்ட ஒரு லெட்டர் அட்மிட் ஆன அன்னிக்கே வாங்குங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்கு அவரைப் புடிக்கவே முடியாது. கிளவுஸ், கவுன் செலவு பெரும்பாலும் நம்ம கைலதான், எங்களுக்கு 9 நாளைக்கு நாலாயிரம் கிட்ட வந்துச்சு.

9. வீட்ல

தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேணாம். பேரப்பசங்க மடில உக்காரலாம். கை கழுவறது ஒன்னுதான் நிஜமா காப்பாத்தறது, டயப்பர் மாத்தினதுக்கு அப்புறம், பையை காலி பண்ணதுக்கு அப்புறம் சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு. பை எப்பவும் மூத்திரப்பைக்கு கீழ இருக்கணும், தரையைத் தொடக் கூடாது, முக்கால் நிறையறதுக்குள்ள காலி பண்ணணும், காலி பண்ற மக்குல குழாய் வாய் இடிக்கக் கூடாது. அந்த மக் அதுக்கு மட்டும்தான். டியூப்பும் பையும் சேர்ற இடத்தை திறக்காதீங்க.

அட்டெண்டர் வெச்சா, நாங்க 12 மணி நேரத்துக்கு 1,100 குடுத்தோம், முதல் நாளே இதை எல்லாம் செஞ்சு காட்டுங்க, அவங்க வேற வீட்டுக்கும் போவாங்கன்னா கேரியர்னு கண்டிப்பா சொல்லுங்க. வாஷ்பேசின் பக்கத்துல நான் தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதி ஒட்டியிருக்கேன்.

கடைசியா ஸ்வாப். மலவாய்ல பஞ்சு வெச்சு எடுக்கற டெஸ்ட், ஒரு தடவை நெகட்டிவ் வந்தா போயிடுச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. எண்ணிக்கை குறைஞ்சு டெஸ்ட்ல சிக்காம இருந்துட்டு, அடுத்த ஆன்டிபயாடிக் கோர்ஸ்ல திரும்ப வந்துடும். எத்தனை நெகட்டிவ் தொடர்ந்து வந்தா தனி ரூம்ல இருந்து எடுப்பாங்கன்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு கணக்கு இருக்கு, முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. அப்பாவுக்கு போன மாசம் ஒரு நெகட்டிவ் வந்திருக்கு. தாள்ல தேதி போட்டு எழுதி, அடுத்த ஸ்வாப் எப்போன்னு பக்கத்துலயே குறிச்சு வெச்சிருக்கேன்.